பூச்சியம் தசம் நாலு இரண்டு

கோப்பாயில் ஒரு கிளுவை வேலி,
அதில் ஏறிக் கிடந்தது குறிஞ்சா.
சேகரிப்புத் தாளில் எழுதினேன்:
பங்குனி ஏழு, காலை ஆறரை,
செம்மண், கிணற்றிலிருந்து இருபது அடி.
வேலிக்காரர் கனடாவில்.
அனுமதி: பக்கத்து வளவு நாய் குரைக்கவில்லை.
கடைசி வரியைப் பேராசிரியர் வெட்டிவிட்டார்.

நிழலில் உலர்த்தினேன், பதினொரு நாள்.
வெயிலில் போட்டால் சில மூலக்கூறுகள்
சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.
பிறகு நானூறு கிராம் தூள்.
சொக்ஸ்லெட் குழாயில் மெதனோல்
ஏறும், குளிரும், சொட்டும்,
நிரம்பியதும் ஒரே மூச்சில் வடிந்து இறங்கும்,
மறுபடி ஏறும்.
மின்சாரம் போன மத்தியானங்களில்
பச்சை பாதி வழியில் நின்று
என்னைப் பார்க்கும்.

நீரில் கலந்து குலுக்கினேன். நுரைத்தது.
கால் மணி கழித்தும் நுரை அடங்கவில்லை.
சப்போனின் என்று குறித்தேன்,
சவர்க்காரத்துக்கு உறவுக்காரன்.

சிலிக்காத் தகட்டின் அடியில் ஒரு பொட்டு.
கரைப்பான் ஏற ஏறப் பச்சை பிரிந்தது:
உச்சியில் மஞ்சள், கீழே இரண்டு பச்சை,
நடுவில் ஒன்றுமில்லாத வெள்ளை.
வனிலின் அமிலம் தெளித்துச் சூடு காட்ட
அந்த ஒன்றுமில்லாத இடத்தில்
ஊதாவாய் எழுந்தது ஏதோ.
அளவுகோல் வைத்தேன்.
பூச்சியம் தசம் நாலு இரண்டு.
பெயர் தெரியாத ஒன்றுக்கு
எவ்வளவு தூரம் ஏறியது என்பதே பெயர்.

செபமாலை அண்ணை கண்ணாடிச் சாமான் கழுவுபவர்.
குருநகர். பத்து வருஷச் சலரோகம்.
தேத்தண்ணி கொண்டுவந்த ஒரு நாள்
விளையாட்டாய் இரண்டு இலை நீட்டினேன்.
மென்றார். நானும் மென்றேன்.
குடித்துப் பார்த்தால்
சாயம் இருந்தது, சூடு இருந்தது,
மூன்று கரண்டிச் சீனி மட்டும்
மணற்காட்டு மணலாய் நாக்கில் நெருடியது.
"இலை சீனியைத் திண்டிட்டுது மிஸ்!"
ஆய்வுகூடம் முழுக்கச் சிரித்தது.

விளக்கினேன்:
இலையின் அமிலம் நாக்கின் கதவுகளில் போய் இருந்துவிடும்,
சீனி வெளியே நிற்கும்,
அரை மணித்தியாலத்துக்கு மட்டும்.
இது நாக்கின் கதை, இரத்தத்தின் கதை வேறு.
இந்தக் கடைசி வசனத்தைச் சொன்னேனா?
குறிப்பேட்டில் இல்லை.
குறிப்பேட்டில் இல்லாதது நடக்கவில்லை என்று
மாணவருக்குச் சொல்பவள் நான்.

மிஞ்சிய இலைகளைக் கேட்டு வாங்கிப் போனார்.
பிறகு மூன்று கிழமை ஆளில்லை.
குடுவைகள் கழுவாமல் நின்றன,
அடியில் பச்சை காய்ந்து வெடித்து.

பெரியாஸ்பத்திரி, ஆண்கள் விடுதி.
இடது கால் பெருவிரல் இருந்த இடத்தில்
பஞ்சு.
"குளிசையை விட்டிட்டன் மிஸ்.
இலைதான் இருக்கெல்லோ."

அவருக்கு நான் எதைக் காட்டுவது?
எலிக்குக்கூட இன்னும் கொடுக்கவில்லை.
ஒரு நொதியம், ஒரு தட்டு,
மூன்று குழிகளில் ஒன்று பிழைத்துப்போனது.
ஊதாப் புள்ளிக்கு ஆளைத் தெரியாது.
நானூறு கிராமில் கடைசியாய்க் கிடைத்தது
பதினொரு மில்லிகிராம்.
மூச்சு விட்டால் தராசிலிருந்து பறந்துவிடும்.

ஆய்வறிக்கையின் முடிவில்
எல்லோரும் எழுதும் வரி ஒன்று உண்டு:
மேலும் ஆய்வு வேண்டப்படுகிறது.
மரியாதைக்கு எழுதுவது,
கடிதத்தின் கீழே "இப்படிக்கு" மாதிரி.
இந்த முறை அதைத் தட்டச்சு செய்ய
ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

ஆவணியில் திரும்பி வந்தார்,
செருப்பின் முனையை வெட்டிவிட்டு,
சட்டைப் பையில் குளிசைப் பெட்டியோடு.
குறிஞ்சா வறை இன்னும் சாப்பிடுகிறாராம்,
தேங்காய்ப்பூ போட்டு,
"கறியாய், மிஸ். கறியாய் மட்டும்."
சிறுகுப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
"இதுக்கு என்ன பேர்?"
"இன்னும் இல்லை அண்ணை."
"அப்ப பூட்டி வையுங்கோ."

பத்தரைக்குத் தேத்தண்ணி வந்தது.
இரண்டு கோப்பையிலும் சீனி இல்லை.
இலை மெல்லாமலே குடித்தோம்.